தொழிலில் பிழை நேர்ந்தால்: வாடிக்கையாளரின் ஹக்கும் நம் பொறுப்பும்



வட்டியில்லாக் கடன் பெற்றுச் சிறுதொழில் தொடங்கியவர்களுக்கான பாட வரிசையில் கணக்கு எழுதுவது, விலை வைப்பது, கடனுக்குப் பொருள் கொடுப்பதன் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டோம். இந்த மாதப் பாடம் யாரும் விரும்பிக் கேட்காத ஒன்று. நம் கையால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்துவிட்டால் என்ன செய்வது? தையல், செல்போன் பழுதுபார்ப்பு, சமையல் ஒப்பந்தம், அச்சகம், கணக்கு எழுதிக் கொடுப்பது என்று எந்தத் தொழிலானாலும் ஒருநாள் இது நடக்கும். நடக்காது என்று நினைப்பவர் தொழிலுக்குப் புதியவர்.

முதலில் பிழைக்கும் ஏமாற்றுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் தானியக் குவியல் ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். வியாபாரியிடம் கேட்டபோது மழையில் நனைந்துவிட்டது என்றார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஜும்ஆ மேடையில் இந்த ஹதீஸைச் சொல்லும்போது பெரும்பாலும் கடைசி வாசகத்தோடு நிறுத்திவிடுகிறோம். தொழில் செய்பவர் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிறது. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. தானியம் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றமாயிற்று. நனைந்த நேரத்தில் அது ஒரு விபத்து. காய்ந்த தானியத்தை எடுத்து அதன்மேல் கொட்டிய நேரத்தில் அது மோசடி. ஒரே பொருள், ஒரே நாள், ஒரே மனிதர்.

நம் தொழில்களில் இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கிறது. மணப்பெண்ணின் பட்டுத் துணியில் அளவு மாற்றிப் பிடித்து இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். கத்தரி நின்ற அந்த நிமிடத்தில் அவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. அடுத்து மூன்று யோசனைகள் வரும். கீழே ஒரு பட்டி வைத்துத் தைத்து, இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிவிடலாம். துணி கொடுத்தபோதே குறைவாகத்தான் இருந்தது என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல், நிக்காஹுக்கு முந்தின இரவு கொடுத்துவிட்டால் சண்டை போட அவர்களுக்கு நேரமிருக்காது.

மூன்றாவதுதான் மிக மோசம். அது அவர்களிடமிருந்து துணியை மட்டும் எடுக்கவில்லை. வேறு துணி வாங்குவதற்கு இருந்த நான்கு நாளையும் எடுத்துவிட்டது. தாமதமாகச் சொல்லப்படும் பிழையின் விலை ஒவ்வொரு நாளும் ஏறுகிறது, அந்த விலையைக் கொடுப்பவர் வாடிக்கையாளர்.

ஆகவே அன்றைக்கே போக வேண்டும். போனில் அல்ல, நேரில். துணியையும் எடுத்துக்கொண்டு. பேச்சு இப்படி இருந்தால் போதும்: “லாத்தா, ஒரு விஷயம் சொல்லணும். உங்க மகள் துணியை நான் அளவு தப்பா வெட்டிட்டேன். ரெண்டு அங்குலம் குறையுது. துணியில எந்தக் குறையும் இல்ல, தப்பு என் மேலதான். இதே கலர் நாளைக்குக் கிடைக்குமான்னு கடையில விசாரிச்சுட்டேன், இருக்கு. துணிக்காசு என்னுது, தையக்கூலியும் வேணாம். புதன்கிழமை அஸருக்கு முன்னால தந்துடுவேன். இல்ல, வேற ஆள்கிட்ட கொடுக்கணும்னு நினைச்சீங்கன்னா அதுவும் சரிதான், துணிக்காசை இப்பவே தர்றேன்.”

இந்தப் பேச்சில் என்ன நடந்தது, யாருடைய தவறு, சரிசெய்ய என்ன வழி, எந்த நாள் என்பது எல்லாம் இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் முடிவு எடுக்கும் உரிமை அந்த லாத்தாவின் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தவறு செய்தவரே தீர்வையும் முடிவுசெய்து, ‘நான் சரிபண்ணித் தர்றேன், நீங்க கவலைப்படாதீங்க’ என்று சொல்வது மரியாதை போலத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை நம்பி ஏமாந்தவரிடம் இரண்டாவது முறையும் கேள்வி கேட்காமல் நம்பு என்று சொல்வதுதான் அது.

இல்லாததும் கவனிக்கத்தக்கது. பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் போய்விட்டது, மூன்று நாளாகத் தூக்கமில்லை என்ற காரணங்கள் எதுவும் அங்கே இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். கேட்டால் சொல்லலாம். கேட்காமல் முதலிலேயே சொன்னால், இழந்தவர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் சிலர் ‘இன்ஷா அல்லாஹ் நாளைக்குத் தந்துடுறேன்’ என்பதை, நாளைக்குத் தரமாட்டேன் என்பதன் நாகரிகமான வடிவமாகவே ஆக்கிவிட்டோம். பிற சமயத்து வாடிக்கையாளர்கள்கூட அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு ஆகியிருக்கிறது. அல்லாஹ்வின் நாட்டத்தை முன்வைக்கும் வார்த்தையைச் சாக்குப்போக்காகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேனே, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்கு மார்க்கத்தில் தெளிவான பதில் இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவின் நிபந்தனைகளைச் சொல்லும்போது, அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள பாவத்திற்கு மூன்று என்கிறார்கள்: அதை விட்டுவிடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்வது. மனிதருடைய ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவது ஒன்று சேர்கிறது. அந்த ஹக்கை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவரிடம் ஹலால் பெற வேண்டும். தஹஜ்ஜுதில் அழுது துஆ கேட்டாலும் இந்த நான்காவது நிறைவேறாது. அந்த லாத்தாவின் வீட்டுக்கு நடந்துபோனால்தான் நிறைவேறும். தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன், இன்றே அதை முடித்துக்கொள்ளச் சொல்லும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

உரியவர் யாரென்றே தெரியாவிட்டால்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரியாக இருந்தது பலருக்கும் தெரியும். ஒருமுறை குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மானிடம் அனுப்பி, விற்கும்போது குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் ஸதக்கா செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மறந்தவர் கூட்டாளி. ஆனால் கடை யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பேற்றார்.

இதைவிடப் பெரிய முன்மாதிரி ஸீராவில் இருக்கிறது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் பின் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தவறாக விளங்கிக்கொண்டதால் உயிர்கள் போயின. செய்தி வந்ததும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். பின்னர் அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்து அனுப்பினார்கள். இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பின்படி, உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் ஈடு கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் மரக்குவளைக்குக்கூட விலை கொடுத்தார்கள். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்ற பிறகும், நமக்கும் உங்களுக்கும் தெரியாமல் விடுபட்டது இருக்கலாம் என்று மீதிப் பொருளையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரியென்று பாராட்டினார்கள்.

உயிர்ச் சேதத்தையும் தையல் பிழையையும் ஒன்றாக வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முறையைப் பாருங்கள். பிழை பிழைதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டது. நம்மவர் என்பதற்காகப் பூசி மெழுகப்படவில்லை. இழந்தவர்கள் மதீனாவுக்கு அலைய வைக்கப்படவில்லை, ஈடு அவர்கள் வாசலுக்குப் போனது. பெரிய இழப்போடு சிறிய இழப்பும் கணக்கில் வந்தது. காலித் (ரலி) அவர்கள் ஒதுக்கித் தள்ளப்படவும் இல்லை. பின்னரும் படைத்தலைவராக இருந்தார்கள். பிழையை மறுப்பதும் பிழை செய்தவரை ஒழிப்பதும் இரண்டும் அங்கே நடக்கவில்லை.

மரக்குவளை என்ற அந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி நம் கணக்கோடு ஒப்பிடலாம். அச்சகத்தில் நிக்காஹ் பத்திரிகையில் தேதி தவறாக வந்துவிட்டது. திரும்ப அடித்துக் கொடுக்கிறார் அச்சகக்காரர். தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். ஆனால் மணமகளின் வாப்பா ஏற்கெனவே முப்பது வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார் என்றால், அந்த முப்பது வீடுகளுக்கும் மறுபடி போக வேண்டிய ஆட்டோ வாடகை யாருடையது? அரை நாள் வேலை போனது யாருடையது? அவை ரசீதில் வராத நஷ்டங்கள். அவற்றை நாமாகவே எடுத்துச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது.

பணத்தால் ஈடுகட்ட முடியாத பிழைகளும் உண்டு. செல்போன் பழுதுபார்க்கும் தம்பிகள் இதைக் கேட்க வேண்டும். டிஸ்பிளே மாற்ற வந்த போனை, பேக்அப் இருக்கிறதா என்று கேட்காமல் ரீசெட் செய்துவிட்டால், மவுத்தாகிவிட்ட அத்தாவின் கடைசி வாய்ஸ் மெசேஜ் அதிலே போயிருக்கலாம். அந்த இடத்தில் ‘ஆயிரம் ரூபாய் குறைச்சுக்குறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அது அத்தாவின் குரலுக்கு விலை பேசுவது போல ஆகிவிடும். என்ன போனது என்று அவர் சொல்லட்டும், முழுதாகக் கேளுங்கள். தகவல் மீட்கும் வேலை தெரிந்தவரிடம் உங்கள் செலவில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை அந்தப் போனில் வேறு எதையும் பதிவேற்றாதீர்கள். கிடைக்கும் என்று பொய் நம்பிக்கையும் தராதீர்கள். ரீசெட் செய்த புதிய போன்களில் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லிவிட்டு, கூகுள் கணக்கிலோ வாட்ஸ்அப் பேக்அப்பிலோ, அதை அனுப்பப்பெற்ற வேறு உறவினர் போனிலோ பிரதி இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து தேடுங்கள்.

கணக்கு, ஜி.எஸ்.டி. வேலை செய்பவர்களின் நிலை வேறு. அவர்கள் பிழை உடனே கண்ணுக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும்போது சரக்கு வாங்கியவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறிவிட்டால், அந்தப் பில் அவருடைய 2பி அறிக்கையில் வராது. அவர் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ள முடியாது. பணத்தில் வரித்தொகையை நிறுத்திவைப்பார். நம் வாடிக்கையாளருக்கு ஏன் பணம் வரவில்லை என்றே தெரியாது. இதை அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1இல் திருத்தப் பகுதியில் சரிசெய்யலாம். ஆனால் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் அவகாசம். ஜி.எஸ்.டி.ஆர்-3பியைத் தாக்கல் செய்தபின் மாற்றவே முடியாது. அடுத்த மாதங்களில்தான் நேர்செய்ய வேண்டும். நாமே கண்டுபிடித்த பிழையை, ‘கவனிக்கமாட்டார்கள்’ என்று நவம்பர் வரை தூங்கவிட்டால், திருத்தக்கூடியது திருத்த முடியாததாகிவிடும். தாமதத் தாக்கல் நம்மால் நடந்திருந்தால், நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் சேரும் தாமதக் கட்டணம் (வரி ஏதுமில்லாத கணக்குக்கு 20 ரூபாய்) வாடிக்கையாளர் பணத்திலிருந்து போகக் கூடாது. அதை அவருடைய பில்லில் ‘இதர செலவு’ என்று சேர்த்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஒப்புக்கொண்டால் அதையே ஆதாரமாக வைத்து வழக்குப் போட்டுவிடுவார்களே என்று அஞ்சுபவர்கள் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆனால் அனுபவம் வேறு திசையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2001 முதல், சிகிச்சையில் பிழை நடந்தால் தாங்களே நோயாளியிடம் சொல்லி, தவறு தம்முடையது என்றால் இழப்பீட்டையும் முன்வந்து தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு மாதம் 7 என்றிருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறக்குறைய 4.5 ஆகக் குறைந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு கூறியது. அதே காலத்தில் அந்த மாநிலத்திலேயே பொதுவாக வழக்குகள் குறைந்து வந்ததால் முழுப் பெருமையும் இந்த முறைக்கே என்று சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், உண்மையைச் சொன்னதால் வழக்குகள் பெருகிவிடவில்லை என்பது உறுதி.

நம் நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அதாவது மறைத்துவிட்டால் தப்பித்தோம் என்ற கணக்கு இந்த உலகத்திலேயே சரியில்லை.

யார் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதில் மார்க்க அறிஞர்களிடம் நுட்பமான பேச்சு இருக்கிறது. பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் தையற்காரர், சலவைக்காரர் போன்றவர்கள் தம் வேலையினாலேயே பொருளைக் கெடுத்தால் ஹனஃபி மத்ஹபில் பொறுப்பாளிகள். பொருள் திருடுபோனால், தீப்பிடித்தால் என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய இரு மாணவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் அவர் கையிலுள்ள பொருள் அமானிதம், வரம்பு மீறினாலோ கவனக்குறைவு இருந்தாலோதான் பொறுப்பு. அலீ (ரலி) அவர்கள் சாயக்காரர்களையும் பொற்கொல்லர்களையும் பொறுப்பாளிகளாக்கினார்கள் என்றும், மக்களை அதுவன்றி வேறு சீர்படுத்தாது என்று கூறினார்கள் என்றும் அறிவிப்பு இருக்கிறது. பெரிய தொகை சம்பந்தப்பட்டால் இரு தரப்பும் சேர்ந்து உங்கள் மஹல்லா ஆலிமிடம் போங்கள். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான பாதியைச் சொல்லி, தமக்குச் சாதகமான ஃபத்வாவோடு வருவார்கள்.

வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் சரி என்றும் பொருளல்ல. சிறு குறையைக் காட்டி முழுப் பணத்தையும் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நம்முடையது எது, அவருடையது எது என்று சாந்தமாகப் பிரித்துச் சொல்லலாம். அதற்கு எழுத்து வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). அளவு, தேதி, தொகை, வாடிக்கையாளர் சொன்ன மாற்றம் ஆகியவற்றை அன்றன்றைக்கு நோட்டில் எழுதி, அவரிடம் காட்டிக் கையெழுத்தோ வாட்ஸ்அப்பில் ஒரு ‘சரி’யோ வாங்கிவிட்டால் பாதிச் சண்டை பிறப்பதே இல்லை.

ஈடு கொடுத்த அன்றைக்கே பழைய நம்பிக்கை திரும்பிவிடாது. அதை எதிர்பார்த்துப் போய், ‘நான்தான் காசைத் தந்துட்டேனே, இன்னும் ஏன் முகத்தைத் திருப்புறீங்க’ என்று கேட்பவர் இரண்டாவது தவறு செய்கிறார். பொருளை ஈடு செய்வது நம் கடமை, நம்புவது அவருடைய விருப்பம். கொஞ்ச நாள் அவர் வரமாட்டார். பிறகு பெரிய வேலை தராமல் ஒரு சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுப்பார். அந்தப் பொத்தானைச் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் கொடுங்கள். எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள்: ‘இப்பல்லாம் வெட்டுறதுக்கு முன்னால ரெண்டு தடவை அளந்து, நோட்ல இருக்கிறதோட சரிபார்த்துட்டுத்தான் வெட்டுறேன்.’ இனிமேல் கவனமாக இருப்பேன் என்பதைவிட இது மேல், ஏனென்றால் அவர் வந்து பார்க்கக்கூடியது.

விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் கடைக்காரர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும். பேரம் முடிந்தபின் வாங்கியவர் மனம் மாறி வந்தால், அதை ஏற்று ரத்து செய்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. அதில் தவறு கடைக்காரருடையதுகூட அல்ல. அப்படியிருக்க, விற்ற பொருளில் நம் பிழையே இருக்கும்போது ‘விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது’ என்ற பலகையைக் கைகாட்டுவது எப்படிப் பொருந்தும்?

கடைசியாக, ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கு. பையன் செய்த பிழைக்கு வாடிக்கையாளர் முன்னால் அவனைத் திட்டினால் நம் மரியாதை காப்பாற்றப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் பார்ப்பது பொறுப்பை இன்னொருவர் தலையில் வைக்கும் ஒரு முதலாளியை. அனஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட ‘சீ’ என்றோ, ஏன் இப்படிச் செய்தாய் என்றோ தம்மிடம் சொன்னதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். கண்ணாடிக் கடையில் பையன் கைதவறி ஒரு லென்ஸை உடைத்தால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது சாதாரண வழக்கமாகியிருக்கிறது. சம்பளத்துக்கு ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர், கவனக்குறைவின்றி நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பாளி அல்லர் என்பதே ஃபிக்ஹின் பொது விதி. அதோடு நடைமுறையிலும் ஒன்று நடக்கிறது. சம்பளம் பிடிபடும் என்று தெரிந்த கடையில், உடைந்த லென்ஸ் யார் கண்ணிலும் படாமல் குப்பைக்குப் போகும். கீறல் விழுந்த லென்ஸ் சத்தமில்லாமல் பொருத்தப்பட்டு வாடிக்கையாளர் முகத்துக்குப் போகும். பையன் பயமில்லாமல் வந்து ‘காக்கா, தவறிடுச்சு’ என்று சொல்லக்கூடிய கடையில்தான் முதலாளிக்கு உண்மை தெரியவரும். இந்த மாதம் உங்கள் கடையில் பிழை எதுவும் உங்கள் காதுக்கு வரவில்லை என்றால், சம்பளப் பட்டியலில் பிடித்தம் எவ்வளவு என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.